சந்திரிகாவும் நிற்காத எண்ணும்

சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் தேங்காய் திருவுவது தனபாலன்தான். யாரும் உட்கார்ந்து பேசி வந்த ஏற்பாடு அல்ல. சந்திரிகா திருவினால் சிரட்டைக் கறுப்பும் சேர்ந்து விழுகிறது என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னான். திருவலை அன்றே அவன் பக்கம் தள்ளப்பட்டுவிட்டது. திகன வீதி வார்ப்புப் பட்டறையில் கிழமை முழுவதும் மணலோடும் இரும்போடும் மல்லுக்கட்டுகிறவனுக்கு ஒரு தேங்காய் எம்மாத்திரம்! சாரத்தை மடித்துக்கொண்டு, தலை குனிந்து, ஒரு பூ வெளியே சிந்தாமல் திருவிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, ஒங்க கை எங்க ஆபீசுக்கு வந்திருக்கு."

சந்திரிகா குசினி வாசலில் நின்றாள். மடிக்கணினியைக் கைப்பிள்ளைபோல இடுப்பில் வைத்திருந்தாள்.

"எந்தக் கை?"

"ரோலர் கைதான். முதலாளி நேத்துப் படத்தை அனுப்பியிருக்காரு. ஹபீல் நானா அதை எனக்கே குடுத்துட்டாரு."

தனபாலனின் கை நின்றது. "ஒனக்கா?"

"ஏன், எனக்குக் குடுத்தா என்னா?"

"ஒன்னுமில்ல. வீட்டுலதான் எல்லாத்துக்கும் நீ மார்க்குப் போடுற. இனிமே பட்டறைக்கும் நீதானான்னு பாத்தேன்."

அப்படிச் சொன்னானே தவிர, முகம் சிரித்துவிட்டது. அவளுக்கும் சிரிப்பு. இரண்டு பேருடைய வேலையும் ஒரே சாமானில் வந்து முட்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

தேயிலைத் தொழிற்சாலையில் வாடிய கொழுந்தைப் பிசைந்து உருட்டுகிற இயந்திரத்துக்கு ரோலர் என்று பெயர். கொழுந்து நிரம்பிய பெரிய உருளை ஒரு மேசையின்மேல் வட்டமாகச் சுற்றும். அதைத் தாங்கிச் சுற்ற வைப்பவை வார்ப்பிரும்புக் கைகள். வீரசிங்கம் முதலாளியின் பட்டறையில் அந்தக் கைகளை அவருடைய தகப்பன் காலத்திலிருந்து வார்க்கிறார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒரு பழைய கையைப் பார்த்துச் செய்த வடிவம். தனபாலன் அங்கே சேர்ந்த நாள் முதல் அதையேதான் வார்த்துக்கொண்டிருந்தான். இந்த வருடம் கென்யாவிலிருந்து ஒரு கம்பனி, பாரம் குறைந்த கை கிடைக்குமா என்று கேட்டது. முதலாளி தலையைச் சொறிந்தார். தனபாலன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நடுத்தண்டில் இரும்பைக் குறைத்து, இரண்டு ஓரத்திலும் விளிம்பு விட்டு, இடுப்பு மெலிந்த ஒரு புதுக் கையை வரைந்தான். மர அச்சையும் தானே செய்தான். அவனுடையது என்று சொல்ல உலகத்தில் இருக்கும் ஒரே வடிவம் அது.

வாங்குகிறவர்கள் கணினிப் பரிசோதனை அறிக்கை கேட்டிருந்தார்கள். முதலாளியும் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார்: "அறிக்கை நல்லா வந்தா ஒன்னோட கை. வரலேன்னா பழைய கைதான் தனபாலன். நடுவுல ஆடிக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல."

சந்திரிகா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா வீரையா தொழிற்சாலையில் ரோலர் அறையில்தான் வேலை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் படம் வரைவாள். பூவும் மயிலும் அல்ல, தண்ணீர்க் குழாய், பூட்டு, தையல் மெஷினின் உள்பக்கம். கண்டியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடத் தொழிலில் டிப்ளோமா எடுத்தாள். கட்டடக் கம்பனியொன்றில் கக்கூசுக்கும் மாடிப்படிக்கும் படம் போட்டுச் சலித்துப்போயிருந்த நேரத்தில்தான் ஹபீல் ஆள் தேடினார்.

ஹபீல் அலவத்துகொடக்காரர்; கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். எஞ்சினியர் படிப்பு முடித்து, வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்து, கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே அறையெடுத்து அலுவலகம் போட்டார். பம்பு, காற்றாடி, குழாய் முடக்கு இவற்றின் படங்கள் வெளிநாடுகளிலிருந்து வரும். செய்து பார்க்காமலே அது தாங்குமா, ஒடியுமா என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். ஒரு முழுச் சாமானை அப்படியே கணக்கில் போட வழியில்லை. அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எப்படி இழுக்கிறது, தள்ளுகிறது என்று கணினி பார்த்துக் கூட்டும். அந்த வெட்டுக்குத்தான் மெஷ் என்று பெயர். சாமானின்மேல் வலை போர்த்தியதுபோல இருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஹபீல் தன் தாய் ஆஸியா உம்மா கிண்டும் தொதல் என்ற அல்வாவைக் காட்டித்தான் இதை விளங்கப்படுத்துவார்.

"வட்டத் தட்டுல தொதல் வெட்டிப் பாருங்க. நடுவுல எல்லாம் சதுரம் சதுரமா வடிவா வரும். ஓரத்துல? ஒன்டு வால் மாதிரி, ஒன்டு ஊசி மாதிரி. உம்மா அந்த ஊசித் துண்டையெல்லாம் புள்ளையளுக்குக் குடுத்துடுவா. நாங்க அப்பிடிக் குடுக்க ஏலாது. கணக்கு அந்த ஊசித் துண்டுலதான் செத்துப்போகும்."

சந்திரிகா சேர்ந்த காலத்தில் வெட்டு முழுவதும் கையால்தான். சாமானைச் செங்கல் செங்கலாகப் பிரித்து, ஒவ்வொரு செங்கலின் விளிம்பையும் இழுத்துப் பொருத்த வேண்டும். ஒரு பம்புக் கூடு ஒரு மாதத்தைத் தின்றுவிடும். பிறகு தானாகவே வெட்டுகிற மென்பொருள் வந்தது: நான்கு முகம் கொண்ட துண்டுகளால் எந்தக் கோணல் சாமானையும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் நிரப்பிவிடும். அது முதல் தடவை ஓடிய அன்று மற்றவர்கள், இனி நமக்கு என்ன வேலை என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்திரிகா அலுவலகத்தில் இருந்த அத்தனை பழைய படங்களையும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் போட்டுப் பார்த்தாள், புதுக் கிரைண்டர் வாங்கியவள் வீட்டில் உள்ளதையெல்லாம் அரைத்துப் பார்க்கிற மாதிரி. பாதி அழகாக வந்தது. மீதியில் ஊசித் துண்டுகள், உள்ளுக்கு வெளியாகத் திரும்பிக்கொண்ட துண்டுகள், மெல்லிய இடுக்குக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடிக்கிற துண்டுகள். அவள் முகம் அப்போதுதான் இன்னும் மலர்ந்தது என்று ஹபீல் இன்றைக்கும் சொல்லுவார்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் கணவனின் கையைக் கணினியில் ஏற்றினாள். முதலில் பெரிய துண்டுகளாக ஒரு சாதாரண வெட்டு. கொழுந்து நிறைந்த உருளையின் பாரத்தைப் போட்டு ஓடவிட்டாள். இரும்புக்குள் எங்கே எவ்வளவு இழுபறி நடக்கிறது, அதாவது தகைப்பு எவ்வளவு என்று நிறத்தில் வந்தது. கை முழுக்க நீலமும் பச்சையும். தண்டு வந்து நுனியிலுள்ள குண்டுப் பகுதியோடு சேருமிடத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. அதுவும் இரும்பு தாங்கும் எல்லைக்கு நன்றாகக் கீழே.

உடனே போனை எடுத்தாள். எடுத்திருக்கக் கூடாது.

"ஏங்க! பாஸ் மாதிரித்தான் தெரியுது!"

பட்டறையில் உலையின் இரைச்சலுக்கு மேலே தனபாலன் கத்தியது அவளுக்குக் கேட்டது. அன்று பின்னேரம் பட்டறை முழுவதற்கும் மீன் ரோல்ஸ் வந்ததாம். முதலாளியே இரண்டு சாப்பிட்டாராம். மறுநாளே புதுக் கையை வரிசையாக வார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் சந்திரிகாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடம் சிவக்கிறதோ அந்த இடத்தின் துண்டுகளைப் பாதியாக்கித் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். வெட்டு மாறினாலும் விடை மாறக் கூடாது. மாறாமல் நின்றால்தான் அது விடை. பாதியாக்கினாள். எண் ஏறியது. அது சகஜம். இன்னும் பாதியாக்கினாள். இன்னும் ஏறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் பொடியாக்கினாள். சிவப்புப் புள்ளி சின்னதாகிக்கொண்டே போனது, எண்ணோ எல்லையைத் தாண்டிவிட்டது.

கதிரையின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள். பயமா? பயம் கொஞ்சம்தான். காட்டுக்குள் ஏதோ ஓடுகிற சத்தம் கேட்டவனுக்கு வருகிற படபடப்பு அது. ஹபீல் பின்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, இது எங்க பெய்த்து நிக்கப் போகுது?"

"நிக்க மாட்டேங்குது நானா. நான் வெட்ட வெட்ட ஏறுது."

"மாப்புளட சாமான் வேற. மெல்லமா வெட்டுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை இரவு, கண்டி மஹியாவைப் பகுதியிலிருந்த அவர்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் நன்றாக இருக்கவில்லை. மகள் டியூஷனுக்குப் போயிருந்தது நல்லதாயிற்று.

"ஒடையும்ங்கிறியா?" தனபாலன் பிட்டைப் பிசைந்தபடியே கேட்டான்.

"எண்ணு அப்பிடித்தான் சொல்லுது."

"நேத்துப் பாஸ்னு சொன்ன எண்ணா?"

"அது பெரிய துண்டு. இப்ப சின்னத் துண்டாப் பாத்தேன்."

"நாளைக்கு இன்னுஞ் சின்னதாப் பாத்தா?"

"இன்னும் ஏறும்."

"நல்லாருக்கே கதை! பாக்கப் பாக்க ஒடையுற சாமானை நீ எங்கயாச்சும் கண்டிருக்கியா? கண்ணை மூடிக்கிட்டா ஒடையாது, உத்துப் பாத்தா ஒடையும். அது கையா, இல்ல ஒன் சித்தியோட பீங்கான் கோப்பையா?"

"சித்தியை ஏன் இழுக்குறீங்க?"

"பட்டறையில அத்தனை பேருக்கும் ரோல்ஸ் வாங்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறேன் புள்ள. யாரையாச்சும் இழுக்கணும்ல!"

அவளுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். சட்டியின் உள்மூலையில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவன் கேட்ட கேள்வி அவளைச் சுரண்டத் தொடங்கியது. உற்றுப் பார்க்கப் பார்க்கப் பெருகுகிற எண். கோபத்தில் கேட்டாலும் அவன் கேட்டது சரியான கேள்விதான். நிற்காத எண் விடையே அல்ல. பாஸும் அல்ல, பெயிலும் அல்ல.

எப்போது அப்படி ஏறும்? அவளுக்குத் தெரியும். படிக்காத விஷயமில்லை. இரண்டு முகங்கள் உள்பக்கமாகச் சேருகிற மூலை கத்திமுனை போலக் கூராக இருந்தால், கணக்கில் அங்கே தகைப்புக்கு முடிவே கிடையாது. எவ்வளவு பொடியாக வெட்டுகிறோமோ அவ்வளவு ஏறும். நிஜ இரும்பில் அப்படியொரு கூர் இருக்காது. ஏதோ ஒரு வளைவு, கடுகளவாவது, இருந்தே தீரும். இவ்வளவும் தெரிந்தவள் ஏன் அந்த மூலையைச் சந்தேகிக்கவில்லை? படம் தனபாலன் போட்டது என்பதால்தான். தேங்காய்ப் பூவைக் கூடச் சிந்தவிடாத ஆள், இல்லாத மூலையைப் படத்தில் போடுவானா?

காலையில் அவன் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்திருப்பான் என்று தோன்றிய கையோடு போன் எடுத்தாள்.

"தண்டு குண்டோட சேர்ற எடம் இருக்குல்ல, அந்த மூலை உள்ள கூராவா இருக்கு?"

"மூலையா? அங்க ஏது மூலை? அச்சு மூலையில மெழுகு வச்சு வளைச்சிருக்கோமே. கூரா விட்டா வார்க்கும்போதே வெடிச்சுப்போகும்."

"படத்துல வளைவு இல்லையேங்க!"

"அதை யாரு படத்துல போடுவா?"

"யாரு போடுவாவா?"

"எந்த உள்மூலைக்கும் மெழுகு வைக்கிறதுதானே வழக்கம். பட்டறையில எல்லாருக்கும் தெரியும். சோத்துக்கு உப்புப் போடணும்னு எழுதியா வைக்கிறோம்?"

"எங்க கொம்பியூட்டர் ஒங்க பட்டறையில வேலை பழகலையே!"

அந்தப் பக்கம் உலைச் சத்தத்துக்கு மேலே தனபாலன் சிரிக்கத் தொடங்கினான். இவளும் சிரித்தாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவர் பட்டறைக்காரன் வரைகிற மாதிரி வரைந்திருக்கிறார், ஒருவர் அலுவலகக்காரி படிக்கிற மாதிரி படித்திருக்கிறார்.

"இருங்க, நானே வர்றேன்" என்று போனை வைத்தாள். ஹபீலிடம் சொல்லிவிட்டு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் திகன பஸ்ஸைப் பிடித்தாள். இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு வழியில் ஆறு வந்ததும் தெரியவில்லை, பாலம் வந்ததும் தெரியவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்த் திரும்பி நடந்தாள்.

பட்டறை முற்றத்தில் வார்த்த கைகள் வரிசையாகக் கிடந்தன. படத்தில் கோடாகப் பார்த்ததை முதன்முதலாக இரும்பில் பார்த்தாள். நல்ல கை. மெலிந்த தண்டு வந்து குண்டோடு சேருமிடத்தில் விரலை வைத்தாள். விரல் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"எப்பிடி?" என்றான் தனபாலன், மணல் அப்பிய கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு.

"அழகா இருக்குங்க."

"ம். கொம்பியூட்டருக்கும் அதைச் சொல்லு."

வளைவை அளந்துகொண்டாள். போக வேண்டியதுதான், ஆனாலும் வந்ததற்கு முடிந்த சாமானையும் பார்த்துவிடலாம் என்று லேத் என்கிற கடைசல் இயந்திரத்தின் பக்கம் போனாள். அங்கே நிற்பவர் பெரியதம்பி. வடக்கிலிருந்து வந்து திகனவிலேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டவர்.

"வாருங்கோ தங்கச்சி. உங்கட மனுசன்ரை கையைத்தான் உரிச்சுக்கொண்டு நிக்கிறன்."

கடைந்து முடித்த ஒரு கையை அவள் தூக்கிப் பார்த்தாள். கீழ்ப்பக்கத்தில் வளைவு அப்படியே இருந்தது. மேல்பக்கத்தில் விரலை ஓட்டினாள். விரல் ஒரு படியில் தட்டி நின்றது.

"இந்தப் பக்கம் வளைவைக் காணோமே அண்ணே?"

"ஓம், அதிலை போல்ட்டுக்கு அடியிலை வோஷர் வளையம் இருக்கவேணுமெல்லோ. வளைவிலை ஏறினா வோஷர் சரிஞ்சு நிக்கும். சப்பட்டையா வெட்டிவிடு எண்டு அவர்தான் சொன்னவர்."

இரண்டு மூலை! ஒரே கையில், ஒன்று மெழுகு செய்த மூலை, ஒன்று கடைசல் உளி செய்த மூலை. சந்திரிகா பெரியதம்பியின் பக்கம் திரும்பினாள். உளியின் நுனி எவ்வளவு உருண்டை என்று கேட்டு, அதையும் அளந்தாள். மிகச் சின்ன உருண்டை. ஆனால் உருண்டைதான், கத்திமுனை அல்ல. அப்படியானால் எண் எங்கேயாவது நின்றுதான் ஆக வேண்டும்.

அடுத்த சில நாட்கள் அவள் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி. குழம்புக்கு இரண்டு தடவை புளி கரைத்தாள். இத்தனை பெரிய கையில் இத்தனை சின்ன உருண்டை. வெட்டுவதற்கு இதைவிட மோசமான சாமான் கிடைக்காது. அந்த உருண்டைக்கு ஏற்ற பொடித் துண்டால் கை முழுவதையும் நிரப்பினால் அலுவலகக் கணினி மூச்சுத் திணறி நின்றுவிட்டது. மூலையில் மட்டும் பொடியாக்கினால் பெரிய துண்டும் பொடித் துண்டும் சந்திக்கும் இடத்தில் ஊசி ஊசியாக விழுந்தது. வளைவு எங்கே இருக்கிறது என்று தானே மோப்பம் பிடித்துத் துண்டைச் சிறிதாக்குகிற வசதி மென்பொருளின் புதுப் பதிப்பில் வந்திருந்தது. அது மெழுகு மூலையில் பிரமாதமாக வேலை செய்தது. உளி மூலையை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போனது.

"பாருங்க நானா, அதுக்கு வேண்டாத சின்னச் சாமான்னு நெனச்சு மொழுகிருச்சு! இவ்வளவு புத்தி இருக்கிறதுக்கு எது அழுக்கு, எது மூலைன்னு தெரியல!"

"அவ்வளவு தெரிஞ்சிருந்தா அது இஞ்ச ஏன் ஈக்கி?" என்றார் ஹபீல்.

கடைசியில் வேறு வழியில் போனாள். முழுக் கைக்கும் ஒரு சாதாரண வெட்டு. அதை ஓட்டி, ஒவ்வொரு இடமும் எவ்வளவு அசைகிறது என்று எடுத்துக்கொண்டாள். பிறகு உளி மூலையைச் சுற்றி ஒரு சின்னக் கட்டியை மட்டும் தனியே அறுத்தெடுத்து, அறுத்த முகங்களில் அந்த அசைவுகளையே கொடுத்தாள். அந்தக் கட்டிக்குள் உருண்டையைச் சுற்றி வெங்காயத் தோல்போலச் செங்கல் துண்டுகளை அடுக்கு அடுக்காக வைத்தாள். இந்த அடுக்கைத் தானாகச் செய்யவும் ஒரு சின்ன நிரல் எழுதினாள்; ஒவ்வொரு தடவையும் கையால் செய்ய அவளுக்குப் பொறுமையில்லை.

ஓட்டினாள். பாதியாக்கினாள்: எண் ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி பாதியாக்கினாள்: ஏறியது, ஆனால் ஏறியதாகச் சொல்ல முடியாத அளவு. இன்னும் ஒரு முறை. எண் அசையவில்லை.

"நின்னுருச்சு!"

கதிரை பின்னால் போய்ச் சுவரில் மோதியது. ஹபீல் தன் அறையிலிருந்து ஓடிவந்து, அவள் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார். தானே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அந்த அலுவலகத்தில் அது பட்டமளிப்பு விழாவுக்குச் சமம்.

"நிக்கிற எடத்தைப் பாத்தீங்களா தங்கச்சி?" என்று மெல்லக் கேட்டார்.

"பாத்தேன் நானா."

பார்த்திருந்தாள். மெழுகு மூலை எல்லைக்கு வெகு கீழே. உளி மூலை மேலே. ஒரு சுற்றில் ஒடியாது. ஆனால் நாளெல்லாம் சுற்றுகிற கை. சுற்றிச் சுற்றி அங்கே ஒரு மயிர்க்கீறல் விழும். ஆனால் வழி இருக்கிறதே! அதை வரைந்து கணக்கும் போட்டு, பழைய கையையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மஹியாவை ஏற்றத்தில் அவள் ஓடாத குறையாக ஏறியதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி, "என்னா சந்திரிகா, லொத்தர் விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

தனபாலன் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு முன்னறையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"ஏங்க, நின்னுருச்சு! பாதியாக்கினேன், அசையல! அந்த வெங்காய அடுக்கு இருக்கே, அதை ஒருக்கா நீங்க பாக்கணும், என்னா அழகா ஒக்காந்துச்சு தெரியுமா!"

"நின்னுச்சா? நல்லது." கோப்பையைக் கீழே வைத்தான். "எங்க நின்னுச்சு?"

அவள் எதிரே உட்கார்ந்து, ஒரு பென்சிலால் மேசையில் கிடந்த பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்தாள். "கீழ்ப்பக்கம் ஒன்னும் செய்யாது, யானை ஏறினாலும் தாங்கும். மேல்பக்கம், லேத்துல வெட்டுற எடம், அங்க கூடிப்போச்சு. கொஞ்ச காலத்துல கீறும்."

"பெரியதம்பி வெட்டுற எடம்."

"ஆமா."

"நான் வெட்டச் சொன்ன எடம்."

அவள் கோட்டை அழுத்தினாள். "இங்க பாருங்க. இந்த எடத்துல வோஷர் அளவுக்கு ஒரு மேடு வச்சிட்டா, வோஷர் வளைவுக்கு மேல ஒக்காரும். உளி மேட்டைத்தான் வெட்டும், வளைவைத் தொடாது. அச்சுல ஒரு மர வில்லை ஒட்டுற வேலை. கணக்கும் போட்டுப் பாத்துட்டேன், நிக்குது. கை ஒங்க கையாவே இருக்கும்!"

"வார்த்து அடுக்கி வச்சிருக்கிறதெல்லாம்?"

"திரும்ப உருக்க வேண்டியதுதான்."

தனபாலன் ஈரத் தலையைத் துவாயால் ஒருமுறை துடைத்தான். "வெட்டாத கையை வச்சுக் கணக்குப் போட்டா பாஸ்தானே?"

"பாஸ்தான். ஆனா அந்தக் கையைக் கென்யாக்காரன் எப்பிடி மாட்டுவான்?"

"மாட்ட ஏலாதுதான்" என்றான், தன்னையே கேட்டுத் தானே பதில் சொன்னதுபோல. "முதலாளி என்னா சொல்லுவார்னு ஒனக்குத் தெரியும்ல? மேடு வைக்கிறேன்னு நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள, பழைய கையைப் போடுன்னு முடிச்சிருவாரு. ரோல்ஸ் தின்னவங்கள்லாம் என் மூஞ்சியப் பாப்பாங்க."

"அதுக்குத்தான் சொல்லுறேன், நீங்க தனியாப் போக வேணாம். நானும் வர்றேன். அறிக்கை அவரு கைக்குப் போறதுக்கு முன்னாலயே போவோம். நான் நெறத்துல காட்டுறேன், நீங்க அச்சுல காட்டுங்க. ரெண்டையும் சேத்துப் பாத்தா எந்த மனுசனுக்கும் வெளங்கும். பழைய கையைப் போட்டுப் பாத்தேன், அதுவும் ஒன்னும் தங்கம் இல்ல! அதையும் காட்டுவோம்!" அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. பென்சில் நுனி தாளைக் கிழித்தது. "நாளைக்குக் காலையில அவரு வர்ற நேரம் வாசல்லயே நிப்போம். என்னா சொல்லுறீங்க? வர்றீங்களா?"

தனபாலன் வரைந்த தாளைத் தன் பக்கம் திருப்பி, மேட்டின்மேல் கட்டைவிரலை வைத்து, கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "வெறுங்கையோட போய் நிக்க ஏலாது, வில்லைக்கு ஒரு பலகைத் துண்டு பாக்குறேன்" என்று முன்கதவைத் திறந்து வெளியே போனான்.